டமாக்சிஃபென்னை நிறுத்திவிட்டு லெட்ரோசோலுக்கு மாறலாமா?

கேள்வி இது: அக்காவுக்கு 43 வயது. இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஈ.ஆர்., பி.ஆர். (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்பிகள்) இரண்டும் பாசிட்டிவ், ஹெர்-2 என்ற புரதம் நெகட்டிவ். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் முடிந்து டமாக்சிஃபென் 20 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கீமோவின்போது நின்ற மாதவிலக்கு ஏழு மாதமாக வரவில்லை. மாத்திரையோடு வந்த தாளைப் படித்துவிட்டு, கர்ப்பப்பையில் புற்றுநோய் வரும் என்று பயந்து மூன்று வாரமாக அதைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு அம்மா லெட்ரோசோல் சாப்பிடுகிறார். அதில் அந்தப் பயம் இல்லை என்கிறார். அதற்கு மாறிக்கொள்ளலாமா?

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கால் வீக்கம், மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு மாதிரி தொந்தரவு எதுவும் இல்லாமல் பயத்தால் மட்டும் நிறுத்தியிருந்தால், மருத்துவமனைக்கு போன் செய்து மூன்று வாரம் விட்டுப்போனதைச் சொல்லிவிட்டுப் பழைய டமாக்சிஃபென்னையே தொடங்கச் சொல்லுங்கள். நாளுக்கு 20 மி.கி., அவ்வளவுதான். விட்ட 21 மாத்திரைக்கு ஈடுகட்ட இரண்டிரண்டாகப் போடக் கூடாது. திட்டுவார்களோ என்று மறைக்கவும் வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று நினைத்துக்கொண்டு டாக்டர் எடுக்கும் முடிவு எல்லாமே பிசகும். லெட்ரோசோலை மட்டும் அவராக வாங்கிச் சாப்பிட வேண்டாம். 43 வயதில் அது பலன் இல்லாமல் போவதோடு நிற்காது, எதிர்த்திசையிலும் வேலை செய்யக்கூடும்.

இரண்டு மாத்திரையையும் ஊரில் எல்லோரும் 'ஹார்மோன் மாத்திரை' என்றே சொல்கிறோம். குழப்பத்தின் வேர் அந்தப் பெயர்தான். இவை ஹார்மோனைத் தருவதில்லை, தடுக்கின்றன. அதுவும் ஒரே இடத்தில் தடுப்பதில்லை.

ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால், கட்டியின் செல்களுக்குள் ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காரும் ஏற்பிகள் இருக்கின்றன என்று பொருள். ஈஸ்ட்ரோஜன் உட்கார்ந்தால் செல்லுக்குப் 'பெருகு' என்ற உத்தரவு போகும். டமாக்சிஃபென் செய்வது பஸ் சீட்டில் துண்டு போடும் வேலை. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றட்டும், மார்பகச் செல்லில் அதற்கு உட்கார இடம் கிடைக்காது. அதனால் சினைப்பை வேலை செய்துகொண்டிருந்தாலும் டமாக்சிஃபென் பலன் தரும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் வேறு வகை. அவை பயணியே பஸ் ஸ்டாண்டுக்கு வராமல் செய்பவை. ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிற அரோமட்டேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொழுப்பு, தசை, தோல் இவற்றிலிருந்து சிறுகச் சிறுகத்தான் வருகிறது. அந்தச் சிறு ஊற்றை லெட்ரோசோல் அடைத்துவிடும்.

சினைப்பை இன்னும் விழித்திருக்கும் பெண்ணிடம் கதை மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் குறைந்ததும் மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கவனித்துவிடும். எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பிச் சினைப்பையை விரட்டும். சினைப்பை முட்டையை வளர்க்கும், ஈஸ்ட்ரோஜன் ஏறும். குழந்தையின்மை சிகிச்சையில் மாதவிலக்கின் தொடக்க நாட்களில் ஐந்து நாள் கொடுக்கிறார்களே ஒரு மாத்திரை, அது இதே லெட்ரோசோல் 2.5 மி.கி.தான். அங்கே இந்தத் தூண்டுதலுக்காகவே கொடுக்கிறார்கள். அதையே தினம் சாப்பிட்டுக்கொண்டு, புற்றுநோய் திரும்பாது என்று உங்கள் அக்கா நிம்மதியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

'ஏழு மாதமாக மாதவிலக்கு வரவில்லையே, நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்?' என்று கேட்கலாம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கீமோ சினைப்பையைத் தூங்கவைக்கலாம், கொல்லாமலும் விடலாம். நாற்பதுகளில் இருப்பவருக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்துக்கூட அது மறுபடி விழித்துக்கொள்வது உண்டு. லெட்ரோசோல் கொடுத்த பிறகு விழித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், அந்தச் சமயத்தில் கர்ப்பம் தரித்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு கட்டவும் முடியாது. இன்றைக்கு எஃப்.எஸ்.எச். அதிகம், ஈஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) குறைவு என்று வந்தாலும் மூன்று மாதத்தில் மாறிவிடலாம். டமாக்சிஃபென் சாப்பிடும்போது அந்த எண்களே குழப்பமாக வரும். 60 வயதைத் தாண்டியவர், இரண்டு சினைப்பையும் எடுக்கப்பட்டவர் என்றால் சந்தேகமே இல்லை. 60-க்குக் கீழே இருந்தால், கீமோவோ டமாக்சிஃபென்னோ குறுக்கிடாமல் ஒரு வருடம் விலக்கு இல்லாமல் இருந்திருக்க வேண்டும், ஹார்மோன் அளவுகளும் ஒத்துவர வேண்டும். உங்கள் அக்காவை இந்தக் கணக்கில் 'நிற்காதவர்' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் லெட்ரோசோல் வகை அவருக்கு என்றைக்குமே கிடையாதா? உண்டு, சினைப்பையை முதலில் நிறுத்திவிட்டு. நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு, குறிப்பாக 35-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் நெறிகட்டிக்குப் பரவியிருந்தவர்களுக்கும், சினைப்பையை அடக்கிவைத்து அரோமட்டேஸ் தடுப்பி கொடுப்பது டமாக்சிஃபென் மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தந்ததை சாஃப்ட், டெக்ஸ்ட் என்ற இரு பெரிய ஆய்வுகள் காட்டின. ஆகவே அக்காவின் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'கட்டியின் அளவு, நெறிகட்டி, கிரேடு இவற்றைப் பார்த்தால் ஓவரியை அடக்க வேண்டிய அளவு ரிஸ்க் எனக்கு இருக்கிறதா?' என்பது. இல்லை என்றால் டமாக்சிஃபென் தாராளமாகப் போதும். அதை இரண்டாம் தர மாத்திரை என்று நினைக்க வேண்டாம்.

அடக்குவதற்கு இரண்டு வழி. ஒன்று, கோசெரெலின் 3.6 மி.கி. ஊசி, 28 நாளுக்கு ஒருமுறை. பெயர்தான் ஊசி, உள்ளே திரவம் கிடையாது. பென்சில் முனையைவிட மெல்லிய, சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத் துண்டு ஒன்று இருக்கும். தொப்புளுக்குக் கீழே வயிற்றுத் தோலுக்கடியில் அதை வைப்பார்கள். ஊசி சாதாரண ஊசியைவிடத் தடிமன், கொஞ்சம் வலிக்கும். ஐஸ் வைத்தோ மரத்துப்போகும் களிம்பு தடவியோ போடச் சொல்லலாம். ரத்தம் நீர்க்கும் மருந்து சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், வயிற்றுச் சுவரில் ரத்தம் கட்டக்கூடும். போட்டதும் முதல் ஒன்றிரண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் குறைவதற்கு முன் கொஞ்சம் ஏறும். அதனால்தான் ஊசி தொடங்கிச் சில வாரம் கழித்து அரோமட்டேஸ் தடுப்பியைச் சேர்ப்பது வழக்கம். 28 நாளை 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது. டமாக்சிஃபென்னோடு போடும் ஊசி நாலு நாள் பிந்தினால் பெரிய இழப்பில்லை. லெட்ரோசோலோடு போடும் ஊசி பிந்தினால், மேலே சொன்ன விரட்டல் ஆரம்பித்துவிடும். ஒழுங்காக ஊசி போட்டும் சிலருக்குச் சினைப்பை முழுசாக அடங்குவதில்லை. சாஃப்ட் ஆய்வின் ஒரு பகுதியிலேயே அது தெரிந்தது. நடுவில் விலக்கு வந்தாலோ, உடம்பு கொதிக்கும் தகிப்பு திடீரென்று நின்றுபோனாலோ உடனே சொல்ல வேண்டும். ஈஸ்ட்ராடியாலைச் சாதாரண லேப் முறையில் அளந்தால் இவ்வளவு குறைந்த அளவு சரியாகத் தெரியாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் செய்யும் லேபாகக் கேட்க வேண்டும். எக்ஸிமெஸ்டேன் சாப்பிடுபவருக்குச் சாதாரண முறை பொய்யாகவே கூட்டிக் காட்டும், மாத்திரையின் வடிவம் ஹார்மோனை ஒத்திருப்பதால்.

இன்னொரு வழி, லேப்ராஸ்கோப்பியில் இரண்டு சினைப்பையையும் எடுத்துவிடுவது. குழந்தைப்பேறு முடிந்தவர், மாதாமாதம் ஊசிக்கு அலைய முடியாதவர், பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு இருப்பவர் ஆகியோருக்கு இது யோசிக்கத்தக்கது. ஐந்து வருட ஊசிச் செலவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் மலிவு. ஆனால் திரும்பப் பெற முடியாத முடிவு என்பதால், ஆறு மாதம் ஊசியில் இருந்து உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிட்டுச் செய்வது புத்திசாலித்தனம்.

இனி அந்தத் தாளில் படித்த கர்ப்பப்பைப் பயம். பொய் இல்லை, அளவு தெரியாததால் பூதாகரமாகிவிட்டது. டமாக்சிஃபென் மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும், கர்ப்பப்பையின் உள்சுவரில் தானே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துகொள்ளும். அதனால் உள்சுவர்ப் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. அட்லஸ் என்ற ஆய்வில் ஐந்து வருடத்தோடு நிறுத்தியவர்களையும் பத்து வருடம் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். நோய் கண்ட 5-ஆம் ஆண்டிலிருந்து 14-ஆம் ஆண்டுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தது நிறுத்தியவர்களில் 1.6 சதவீதம், தொடர்ந்தவர்களில் 3.1 சதவீதம். அதனால் இறந்தவர்கள் 0.2-க்கு 0.4 சதவீதம். அதே காலத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் நிறுத்தியவர்களில் 15 சதவீதம், தொடர்ந்தவர்களில் 12.2. தட்டில் எந்தப் பக்கம் கனம் என்று அக்காவே பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கூடுதல் ஆபத்தும் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற, 55-க்கு மேற்பட்ட பெண்களைச் சேர்ந்தது. உங்கள் அக்கா வயதில் மிகக் குறைவு. ஐந்து வருட டமாக்சிஃபென், ஈ.ஆர். பாசிட்டிவ் நோயில் முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்றுதான்: எதிர்பாராத ரத்தப்போக்கு. விலக்கு நின்றவருக்கு ஒரு சொட்டுக் கறை பட்டாலும், நிற்காதவருக்கு நடு நடுவே பட்டாலோ அளவுக்கு மீறிப் போனாலோ, மகப்பேறு மருத்துவரிடம் காட்டி உள்சுவரிலிருந்து பயாப்சி எடுக்க வேண்டும். ரத்தப்போக்கே இல்லாதவருக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று வருடா வருடம் ஸ்கேன் எடுப்பது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்கிறது. டமாக்சிஃபென் உள்சுவரை ஸ்கேனில் தடிமனாகவும் சிறு நீர்க்கட்டிகள் உள்ளதாகவும் காட்டும். பெரும்பாலும் நோய் ஏதும் இருக்காது. 10 மி.மீ. தடிமன் என்ற ஒரு வரியைப் பார்த்துப் பயந்து, உள்சுவரைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி, கொஞ்ச நாளில் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது என்று போகிறார்கள். நம் ஊரில் கர்ப்பப்பையை எடுப்பது கொஞ்சம் சுலபமாகவே நடக்கிறது. யாராவது அப்படிச் சொன்னால் புற்றுநோய் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

கர்ப்பப்பையைவிட டமாக்சிஃபென்னில் உடனடியாக ஆபத்தானது ரத்தக்கட்டி. கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக வலித்தால் அது கால்வலி இல்லை, சிரையில் கட்டியாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு குத்தல், வாய் கோணல், கை மரத்துப்போதல் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், காலையில் பார்க்கலாம் என்று படுக்க வேண்டாம். முன்பே கால் சிரையில் கட்டி வந்தவர், குடும்பத்தில் அந்த வரலாறு உள்ளவர் மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு வேறு வழி யோசிப்பார்கள். எலும்பு முறிவு, பெரிய அறுவை என்று பல நாள் படுக்கையில் இருக்க நேர்ந்தால், டமாக்சிஃபென்னைத் தற்காலிகமாக நிறுத்துவதா என்று அறுவை டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டும். வீட்டாரே முடிவெடுக்கக் கூடாது. பார்வை மங்கினால் கண் டாக்டர், கண் மஞ்சளித்தால் கல்லீரல் பரிசோதனை. கல்லீரலில் கொழுப்பு சேர்வதும் டிரைகிளிசரைடு ஏறுவதும் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு இது முக்கியம்.

மற்ற மருந்துகளோடு மோதுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான். டமாக்சிஃபென் விழுங்கியபடியே பெரிய வேலை செய்வதில்லை. கல்லீரலில் சி.ஒய்.பி. 2டி6 என்ற நொதி அதை எண்டாக்சிஃபென் என்ற, பல மடங்கு வலுவான பொருளாக மாற்ற வேண்டும். அந்த நொதியைக் கட்டிப்போடும் மருந்தைக் கூடவே சாப்பிட்டால், டமாக்சிஃபென் சாப்பிட்டும் பலன் குறையலாம். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின், புப்ரோபியான் இந்த வரிசை. இதில் ஒரு முரண்: மாதவிடாய் நின்றவர்களின் உடல் தகிப்புக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றது பராக்ஸெடின். டமாக்சிஃபென்னில் தகிப்பு என்று குடும்ப டாக்டரிடம் போனால் அதையே எழுதிவிடக்கூடும். கனடாவில் பராக்ஸெடினும் டமாக்சிஃபென்னும் சேர்த்துச் சாப்பிட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு கூடியதாக 2010-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வென்லாஃபாக்ஸின், எஸ்சிட்டலோப்ராம் இவை இந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஏற்கெனவே பராக்ஸெடின் சாப்பிடுகிறவர் பட்டென்று நிறுத்தவும் கூடாது. தலைசுற்றல், பதற்றம் என்று ஆட்டிவைக்கும். மனநல டாக்டர் படிப்படியாகக் குறைத்து மாற்ற வேண்டும்.

யாரும் யோசிக்காத ஒன்று டெர்பினாஃபின். படர்தாமரைக்கு இப்போது ஊரெல்லாம் இந்த மாத்திரைதான். இதுவும் அதே நொதியை பலமாக முடக்கும், வாரக்கணக்கில். களிம்பாகத் தடவினால் பிரச்சினை இல்லை, மாத்திரைதான் ஆகாது. அடுத்து காசநோய் மருந்து. ரிஃபாம்பிசின் கல்லீரலை வேகமாக்கி, ரத்தத்தில் டமாக்சிஃபென்னை ஏழில் ஒரு பங்காகக் குறைத்துவிடும், எக்ஸிமெஸ்டேனைப் பாதியாக்கும். ஆறு மாதக் காசநோய் சிகிச்சை தொடங்கினால் புற்றுநோய் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாஸெபின் இரண்டும் இதே ரகம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்குத் தலைகீழ்ச் சிக்கல்: டமாக்சிஃபென் அதன் வேகத்தைக் கூட்டி ரத்தம் கசியவைக்கும், ரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

சமையலில் போடும் மஞ்சளுக்கு எந்தத் தடையும் இல்லை. மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் கேப்சூல் வேறு விஷயம். நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறு ஆய்வில் அது எண்டாக்சிஃபென் அளவைக் குறைத்தது. மீல்மேக்கர், டோஃபு சாப்பாட்டு அளவில் இருக்கலாம்; சோயா ஐசோஃப்ளேவோன் மாத்திரை வேண்டாம். பெண்களுக்கான சத்து லேகியம் என்ற பெயரில் விற்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு டானிக் போன்றவற்றை, ஈஸ்ட்ரோஜன் மாதிரி செயல்படக்கூடியவை என்பதால், தவிர்ப்பதே சரி.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு ஆபத்து, விசேஷத்துக்காக விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. நாரெத்திஸ்டெரோன் பெரும்பாலும் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. கல்யாணமோ கோயில் கொடையோ வந்தால் மூணு மூணாகப் போட்டுக்கொள்கிறார்கள். அது நிஜமான ஹார்மோன். ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் நோய் வந்த பெண் அதைத் தொடவே கூடாது. கருத்தடை மாத்திரை, கருத்தடை ஊசி, ஹார்மோன் சுருள் எல்லாவற்றுக்கும் இதே விதி. ஆனால் கருத்தடை அவசியம் தேவை. டமாக்சிஃபென்னே 1960-களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் கருத்தடை மருந்தைத் தேடும்போது கிடைத்ததுதான். எலிகளிடம் கருத்தடையாக வேலை செய்தது. பெண்களிடமோ முட்டையை வெளிவரத் தூண்டியது. ஆகவே 'விலக்குதான் வரவில்லையே' என்று இருந்துவிட வேண்டாம். காப்பர்-டி அல்லது ஆணுறை. கருவுற்றால் குழந்தைக்குக் குறைபாடு வரும் வாய்ப்பு உண்டு. மாத்திரையை நிறுத்திய பிறகும் சில மாதம் கருத்தடையைத் தொடர வேண்டும், எத்தனை மாதம் என்பதை டாக்டர் சொல்வார்.

தினசரி சாப்பிடும் முறையில் பெரிய சூத்திரம் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, காலையோ இரவோ, தினமும் ஒரே நேரம். குமட்டினால் இரவு சாப்பாட்டோடு. எக்ஸிமெஸ்டேன் மட்டும் சாப்பாட்டுக்குப் பின். மறந்த மாத்திரை அன்றைக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தால் விட்டதை விட்டுவிட்டு அன்றையதை மட்டும். டமாக்சிஃபென் உடம்பில் மெல்லத்தான் கரையும், பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், ஆகவே ஒரு நாள் விட்டதற்குப் பதற வேண்டாம். மூன்று வாரம் அப்படி இல்லை. அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கும் தேதியைப் பேனாவால் எழுதிவிடுவது எந்தச் செயலியைவிடவும் நன்றாக வேலை செய்கிறது. கடைசிப் பத்து மாத்திரை இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள். கம்பெனி பெயர் மாறினால் பரவாயில்லை, அட்டையில் உள்ள மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் படித்துப் பாருங்கள். டமாக்சிஃபென்னும், பிராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசினும் காதில் ஒன்றுபோல விழும். 10 மி.கி. மாத்திரை தந்தால் இரண்டு போட வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் பாதி டோஸ்.

தகிப்புதான் ஆளை விரட்டும் பக்கவிளைவு. உடம்பு திடீரென்று கொதித்து, வேர்த்துக் கொட்டி, சில நிமிடத்தில் அடங்கும். இரவில் வந்தால் தூக்கம் போய்விடும். பருத்தி உடை, படுக்கையறையில் காற்றோட்டம், காரத்தையும் சுடச்சுடக் காபியையும் குறைப்பது ஓரளவு உதவும். அதற்கு மேல் தேவைப்பட்டால் வென்லாஃபாக்ஸின் 37.5 மி.கி.யில் தொடங்கி 75 வரை, அல்லது இரவில் கபாபென்டின், அல்லது ஆக்ஸிபியூட்டினின். மூன்றுமே டாக்டர் சீட்டோடு. இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் மாத்திரையைச் சத்தமில்லாமல் விடுகிறார்கள். வடக்கு கலிஃபோர்னியாவில் 8,769 பெண்களைத் தொடர்ந்த ஆய்வில் நாலரை ஆண்டு முழுக்க ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் பாதிப் பேர்தான். பிறப்புறுப்பு வறட்சியும் அப்படிச் சொல்லாமல் விடப்படும் தொந்தரவு. ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல், உறவின்போது தண்ணீர் அடிப்படையிலான ஜெல் போதும். தேங்காய் எண்ணெய் பயன்படுத்தினால் ஆணுறை கிழியும் என்பதை மறக்க வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் க்ரீமை, குறிப்பாக லெட்ரோசோல் வகை சாப்பிடுபவர், தாமாகத் தடவக் கூடாது.

எத்தனை வருடம் என்பது தொடக்கத்திலேயே முடிவாவதில்லை. குறைந்தது ஐந்து. அதன் பிறகு ரிஸ்க்கையும், அதுவரை பட்ட தொந்தரவையும், அப்போது விலக்கு உண்மையாகவே நின்றுவிட்டதா என்பதையும் பார்த்து, பத்து வரை டமாக்சிஃபென்னையே நீட்டுவதோ லெட்ரோசோலுக்கு மாறுவதோ நடக்கும். உங்கள் அக்காவுக்கு 48 வயதில் அந்தப் பேச்சு வரும். அப்போது மாறுவது நியாயமாகவே இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடுவதால் கூடுதல் பலன் இல்லை என்பது பரிசோதித்து அறிந்தது.

கடைசியாக, பயமில்லாத மாத்திரை என்று சொன்ன பக்கத்து வீட்டு அம்மா. அவருக்குக் கர்ப்பப்பைப் பயம் இல்லைதான், ஆனால் லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனை ஏறக்குறைய துடைத்துவிடுவதால் எலும்பு கரையும், மூட்டு பிடித்துக்கொள்ளும். காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல், மாடிப்படி ஏற முட்டி ஒத்துழைக்காமல் இருந்தால், சிக்குன்குனியாவின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். தைராய்டும் வைட்டமின் டி-யும் பார்த்துவிட்டு, வாரம் 150 நிமிட நடையோடு கொஞ்சம் எடைப் பயிற்சி. குறையாவிட்டால் இரண்டு மூன்று வாரம் நிறுத்தி, அதே குடும்பத்தில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார்கள். ஒருத்தருக்கு லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாமல் எக்ஸிமெஸ்டேன் ஒத்துக்கொள்வது சகஜம். நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் வேண்டும், சாப்பாட்டையும் சேர்த்து. 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவு இருக்கிறது. கால்சியம் மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் நான்கு மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. எலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தால் ஆறு மாதத்துக்கொரு முறை சோலெட்ரானிக் அமிலம் 4 மி.கி. டிரிப்பில் ஏற்றுவார்கள். அதற்கு முன் பல் டாக்டரிடம் சொத்தைப் பல்லை முடித்துவிட வேண்டும், ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். எலும்புக்காக டெனோசுமாப் ஊசி போடுகிறவர் ஆறு மாதத் தேதியைத் தவறவிட்டால் முதுகெலும்பே நொறுங்கக்கூடும். லெட்ரோசோல் தொடங்கும்போது எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஒரு டெக்ஸா ஸ்கேன், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று என்பதுதான் வழக்கம். அந்த அம்மா இதுவரை ஒன்றாவது எடுத்திருக்கிறாரா என்று அடுத்த முறை பார்க்கும்போது கேளுங்கள்.